தடுப்பூசிக்குப் பின் தட்டைத் தொடாத கிழப் பூனை: மணிக்கணக்கில் ஒரு வழிகாட்டி

கருப்பாயிக்கு அப்போது பதின்மூன்று வயது. ஒரு சனிக்கிழமை மாலை ரேபிஸ் ஊசியையும் மூன்று நோய்களுக்கான ஊசியையும் ஒரே தடவையில் போட்டுக்கொண்டு வந்தோம். வந்ததும் பீரோவுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்தில் நுழைந்து படுத்தாள். இரவு சாப்பிடவில்லை. "ஊசி போட்டால் ஒரு நாள் அப்படித்தான் இருக்கும்" என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நிம்மதியாகத் தூங்கினேன். ஞாயிறும் சாப்பிடவில்லை, ஊசிதான் என்றேன். திங்களும் சாப்பிடவில்லை, இரண்டு ஊசியாயிற்றே என்றேன். செவ்வாய்க்கிழமை காலை அவள் கொட்டாவி விட்டபோது மேலண்ணம் மஞ்சள் தடவியதுபோல் தெரிந்தது. அதன் பிறகுதான் வண்டியை எடுத்தேன்.

மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தார். கீழ்த்தாடைக் கடைவாய்ப்பல் ஒன்று ஈறோடு சேரும் இடத்தில் அரித்துக் குழியாகியிருந்தது. அது பல மாதங்களாக நடந்துகொண்டிருந்த வேலை. ஊசி தந்த சோர்வு ஒரு நாளில் போயிருக்கும்; பல் போகவில்லை. சனிக்கிழமை காலையிலிருந்து வெறும் வயிற்றோடு கிடந்ததில் கல்லீரல் வேறு கெட்டுவிட்டது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையில் நான் மூன்று நாள் காக்கையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆகவே இந்த வழிகாட்டியில் நான் பிடிவாதமாகச் சொல்லப்போவது ஒன்றுதான்: வயதான பூனை சாப்பிடாததற்குத் "தடுப்பூசி" என்ற காரணத்தை ஒரு நாள் ஏற்றுக்கொள்ளலாம். இரண்டாம் நாள் வேறு காரணம் தேட வேண்டும்.

பசி ஏன் போகிறது

கோவிட் ஊசி போட்டுக்கொண்ட மறுநாள் நம்மில் பலர் போர்வைக்குள் சுருண்டு கிடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். பூனைக்கும் அதேதான். தடுப்பூசி உடலின் எதிர்ப்பு அணுக்களை எழுப்பிவிடுகிறது. அவை சைட்டோகைன் எனப்படும் வேதிச் செய்திகளை இரத்தத்தில் விடுகின்றன. மூளையில் அந்தச் செய்திகள் போய்ச் சேரும் இடத்தில்தான் பசிக்கும் உடல் வெப்பத்துக்கும் உறக்கத்துக்கும் கட்டுப்பாடு இருக்கிறது. லேசான காய்ச்சல், தூக்கம், பசியின்மை, ஊசி போட்ட இடத்தில் வலி ஆகியவை பெரும்பாலும் 24 மணி நேரத்தில் தணியும். அதிகம் போனால் 48 மணி நேரம்.

இளம் பூனை இதை ஊதித் தள்ளிவிடும். பத்து வயதைத் தாண்டிய பூனைக்கு அது எளிதல்ல. தசை குறைந்திருக்கும். மோப்பம் மங்கியிருக்கும். மூட்டுகள் தேய்ந்திருக்கும். சிறுநீரகம் பாதி வேலைதான் செய்துகொண்டிருக்கலாம், நமக்கு அது தெரியவே தெரியாது. ஊசி வந்து ஒரு தட்டுத் தட்டியதும், அதுவரை ஒளிந்திருந்த நோய் வெளியே வந்துவிடும்.

இதோடு பூனைக் கல்லீரலின் விநோதம் ஒன்றும் சேர்கிறது. நாய் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடலில் உள்ள கொழுப்பைக் கரைத்துப் பிழைத்துக்கொள்ளும். பூனை சாப்பிடாமல் இருந்தால் அதே கொழுப்பு கல்லீரலுக்கு வந்து குவியும். அந்த வேகத்துக்குக் கல்லீரலால் அதைக் கையாள முடியாது. செல்களுக்குள் கொழுப்பு அடைத்து, கல்லீரல் செயலிழந்து, மஞ்சள் காமாலை வரும். இரண்டு மூன்று நாள் பட்டினியிலேயே இது தொடங்கலாம். குண்டுப் பூனைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். "உடம்பில் சதை இருக்கிறது, நாலு நாள் தாங்கும்" என்று சொல்பவர்கள் வீட்டில் இருந்தால் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

முதல் வேலை: நேரத்தை எழுதுங்கள்

ஒரு நோட்டை எடுங்கள். கைப்பேசியில் குறித்தாலும் சரி, ஆனால் வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடம் நல்லது. எங்கள் நோட்டு குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருக்கிறது. பூனை கடைசியாக ஒழுங்காகச் சாப்பிட்டது எப்போது என்பதை முதல் வரியில் எழுதுங்கள். ஊசி போட்ட நேரத்தை அதற்குக் கீழே எழுதுங்கள்.

இந்த வரிசையில்தான் பலர் தவறுகிறார்கள். வண்டியில் வாந்தி எடுக்கும் என்று மதியச் சாப்பாட்டைக் கொடுக்காமல் கூட்டிப் போயிருப்போம். சனி காலை 8 மணிக்குச் சாப்பிட்டு, மாலை 6 மணிக்கு ஊசி போட்ட பூனைக்கு ஞாயிறு மாலை 6 மணிக்கு 24 மணி நேரம் ஆகவில்லை. 34 மணி நேரம் ஆகியிருக்கிறது. கல்லீரல் ஊசியிலிருந்து எண்ணுவதில்லை, கடைசி வாயிலிருந்து எண்ணுகிறது.

அடுத்து எடை. மனிதர்கள் ஏறி நிற்கும் எடைக்கருவி இதற்கு உதவாது. பூனையைத் தூக்கிக்கொண்டு நின்றால் நூறு, இருநூறு கிராம் வித்தியாசம் அதில் தொலைந்துபோகும். குழந்தைகளை எடை போடும் கருவி இருந்தால் சிறப்பு. இல்லையென்றால் ஐந்து கிலோவுக்கு மேல் தாங்கும் சமையலறைத் தராசின் மேல் பிளாஸ்டிக் கூடையை வைத்து, அதில் பூனையை உட்கார வைக்கலாம். 4 கிலோ பூனைக்கு 200 கிராம் குறைந்தால் அது ஐந்து சதவீதம்; 60 கிலோ மனிதர் மூன்று கிலோ இழந்ததற்குச் சமம்.

எந்தெந்த ஊசி, எந்தக் காலில், தடுப்பூசி அட்டையில் ஒட்டிய சீட்டில் உள்ள தொகுதி எண் ஆகியவற்றையும் குறித்துவிட்டால் நோட்டு வேலை முடிந்தது.

இரண்டாவது: உடனே ஓட வேண்டியதா என்று பாருங்கள்

சாப்பாட்டைப் பற்றி யோசிப்பதற்கு முன் இதை முடித்துவிட வேண்டும். முகம் வீங்குதல், திரும்பத் திரும்ப வாந்தி, திடீர் வயிற்றுப்போக்கு, வாயைத் திறந்து மூச்சு வாங்குதல், ஈறு வெளுத்துப்போதல், நிற்க முடியாமல் சரிதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அது கடும் ஒவ்வாமையாக இருக்கலாம். பெரும்பாலும் ஊசி போட்ட சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் வரும். தொலைபேசியில் விசாரித்துக்கொண்டிருக்காதீர்கள், கிளம்புங்கள், வழியில் பேசிக்கொள்ளலாம். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் மருத்துவமனை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டு வருவது இதனால்தான்.

மூச்சை எண்ணுவது எளிது. பூனை தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30க்குள் இருந்தால் சரி. 40ஐத் தாண்டினால் மருத்துவமனை.

காய்ச்சலில் ஒரு குழப்பம் உண்டு. பூனையின் இயல்பான உடல் வெப்பம் 100.5 முதல் 102.5 பாரன்ஹீட் வரை. நமக்கு 102 என்றால் கைவசம் இருக்கும் மாத்திரையைத் தேடுவோம். பூனைக்கு அது சாதாரணம். 103 லேசான காய்ச்சல். 104 என்றால் அன்றே காட்ட வேண்டும். 99க்குக் கீழே இறங்கினால் காய்ச்சலை விட அது மோசமான அடையாளம். ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பழக்கமில்லாதவர்கள் முயன்று பார்க்க வேண்டாம், பூனையும் நீங்களும் இரத்தக் காயத்தோடு முடிப்பீர்கள். மூக்கு ஈரமா, காய்ந்திருக்கிறதா என்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

மூன்றாவது: எப்படிச் சாப்பிடாமல் இருக்கிறது?

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். தட்டை வைத்துவிட்டு இரண்டு மீட்டர் தள்ளித் தரையில் உட்காருங்கள். ஐந்து நிமிடம், பேசாமல். "சாப்பிடவில்லை" என்று நாம் ஒரே சொல்லில் முடிப்பதைப் பூனைகள் ஐந்து விதமாகச் செய்கின்றன. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு.

சில பூனைகள் எழுந்தே வராது. தட்டை முகத்தருகே கொண்டுபோனால் படுத்தபடியே நாலு வாய் சாப்பிடும். இதற்குப் பசி இருக்கிறது, நடப்பதற்குத்தான் வலிக்கிறது. ஊசி போட்ட கால் வலிக்கலாம், காய்ச்சல் அடிக்கலாம், கூடையில் மடங்கிக் கிடந்ததில் பழைய மூட்டுவலி கிளம்பியிருக்கலாம். இந்த ஐந்தில் இதுதான் நிஜமான "ஊசிச் சோர்வு". தட்டைப் பக்கத்தில் வைத்தாலே பாதி சரியாகிவிடும்.

அடுத்தது, ஆவலாக வந்து முகர்ந்து பார்த்து, உதட்டை நக்கி, எச்சிலை ஒருமுறை விழுங்கி, முகத்தைத் திருப்பிக்கொள்வது. சில பூனைகள் தட்டைச் சுற்றித் தரையைப் பிறாண்டும், மணல் தட்டில் மலத்தை மூடுவது போல. நம் சமையலைக் கேலி செய்வது போலத்தான் தோன்றும். ஆனால் அது குமட்டல். சிறுநீரக நோய், கணைய அழற்சி, கல்லீரல் கோளாறு எல்லாம் இந்த முகத்தோடுதான் வரும்.

மூன்றாவது விதத்தைத்தான் நான் பார்த்தும் பார்க்காமல் விட்டேன். பூனை பசியோடு ஓடி வரும். ஒரு துண்டை வாயில் எடுக்கும். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து மெல்லும். சட்டென்று துண்டைக் கீழே போட்டுவிட்டு, தட்டு தன்னைக் கடித்துவிட்டதுபோல் பின்வாங்கும். குழம்பை மட்டும் நக்கிவிட்டுத் துண்டுகளை விட்டுவைக்கும். எச்சில் நூலாக ஒழுகும். வாயில் வலி என்று அர்த்தம்: பல், ஈறு, நாக்கில் புண். ஊசிக்கு ஒரு மாதம் முன்பே கருப்பாயி கோழித் துண்டை இப்படிப் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "கிழவிக்குப் பல் போச்சு" என்று சிரித்தேன். சொன்னது உண்மைதான், சிரித்ததுதான் தவறு.

வாய்ப்புண்ணுக்கு ஊசியோடு நேரடித் தொடர்பு இருக்கும் ஒரு சந்தர்ப்பமும் உண்டு. மூன்று நோய்த் தடுப்பூசியில் வலுவிழந்த உயிருள்ள கிருமிகள் இருக்கும் வகை உண்டு. தோலுக்கடியில் போட வேண்டிய அந்த மருந்து ரோமத்தில் சிந்தி, பூனை அதை நக்கிவிட்டால் சில நாளில் தும்மலும் நாக்கில் புண்ணும் வரலாம். சிந்தினால் உடனே துடைக்கச் சொல்லுங்கள்.

நான்காவது, நெடுநேரம் முகர்ந்துகொண்டே இருந்துவிட்டுப் போவது. மூக்கு அடைத்திருக்கும்; வாசனை தெரியவில்லை என்றால் பூனைக்கு அது சாப்பாடே இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் மூக்கைத் துடைத்துவிட்டு, வெந்நீர் திறந்து ஆவி நிறைந்த குளியலறையில் பத்து நிமிடம் மடியில் வைத்துக்கொண்டால் இளகும்.

ஐந்தாவது, ஒளிந்துகொண்டு, வீடு அடங்கிய பின் நள்ளிரவில் வந்து தின்றுவிட்டுப் போவது. இது பயம். வீட்டில் இன்னொரு பூனை இருந்தால், மருத்துவமனை வாசனையோடு வந்ததை அந்நியன் என்று நினைத்துச் சீறும். தட்டுப் பக்கம் அண்டவிடாது. ஒரு நாள் தனி அறை கொடுத்தால் தீர்ந்துவிடும்.

பார்த்ததைக் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். மருத்துவரின் மேசை மேல் எந்தப் பூனையும் சாப்பிட்டுக் காட்டாது.

நான்காவது: இடத்தைச் சரிசெய்யுங்கள்

அதிகம் செய்ய வேண்டியதில்லை. அட்டைப் பெட்டியைப் படுக்கவைத்து அதில் பழைய புடவையை மடித்துப் போடுங்கள். ஒளிந்திருக்கும் இடத்திலிருந்து பூனையை இழுத்து வெளியே போடாதீர்கள். சாப்பாட்டைச் சந்துக்குள் தள்ளுங்கள். மணல் தட்டை அருகில் வையுங்கள், கால் வலிக்கும் பூனை ஏறி இறங்கத் தோதாக விளிம்பு தாழ்வாக இருக்கட்டும். சாப்பாடும் மணல் தட்டும் ஒட்டி இருக்கக் கூடாது. மருத்துவமனை வாசனை போகட்டும் என்று குளிப்பாட்டுவதை மட்டும் செய்யாதீர்கள்.

ஐந்தாவது: தட்டு

ஒரு மேசைக்கரண்டி அளவு போதும். குவித்து வைத்த தட்டைப் பார்த்தாலே குமட்டும் பூனைகள் உண்டு. கிண்ணத்தை விட, மீசை இடிக்காத தட்டைத் தட்டு நல்லது. சாப்பாடு உடல் சூட்டில் இருக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்ததை அடுப்பில் காய்ச்சாமல், கிண்ணத்தோடு வெந்நீர்ப் பாத்திரத்தில் ஐந்து நிமிடம் வைத்து, குழந்தைக்குப் பால் பார்ப்பதுபோல் மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். சூடு ஏறினால் வாசனை ஏறும். மங்கிய மூக்குக்கு அதுதான் அழைப்பு.

எங்கள் வீட்டில் ஜெயிப்பது உப்பில்லாமல் வேகவைத்து முள் எடுத்த சங்கரா மீன். அடுத்தது வெறும் தண்ணீரில் வெந்த கோழி, அந்தத் தண்ணீரோடு. கடையில் கிடைக்கும் குழம்பு வகைப் பூனை உணவும் பாக்கெட்டில் வரும் பசையும் கைகொடுக்கும். இருபது நிமிடத்தில் தொடவில்லை என்றால் தட்டை எடுத்துவிடுங்கள். நாள் முழுக்க மூக்கடியில் வைத்திருந்தால் குமட்டலும் அந்தச் சாப்பாடும் பூனையின் நினைவில் ஒட்டிக்கொள்ளும். பிறகு உடம்பு தேறினாலும் அதைத் தொடாது. இதனாலேயே சிறுநீரக நோய்க்கான சிறப்பு உணவை இந்த நாளில் புதிதாக அறிமுகப்படுத்தக் கூடாது. வாழ்நாள் முழுக்கத் தேவைப்படும் சாப்பாட்டை ஒரே நாளில் எதிரியாக்கிவிடுவீர்கள்.

எவ்வளவு சாப்பிட்டால் "சாப்பிட்டது" என்று கணக்கு? 4 கிலோ பூனை சும்மா படுத்திருப்பதற்கே நாளொன்றுக்கு ஏறக்குறைய 200 கலோரி வேண்டும். தோலில்லாத வெந்த கோழி நெஞ்சுக்கறியில் 100 கிராமுக்குச் சுமார் 165 கலோரி. பசைப் பாக்கெட்டை நாலு நக்கு நக்கியதெல்லாம் சாப்பாடு ஆகாது. பசியைத் தூண்டும் கொசுறு, அவ்வளவுதான். நோட்டில் "கொஞ்சம் சாப்பிட்டாள்" என்று எழுதாதீர்கள். "இரண்டு கரண்டி கோழி" என்று எழுதுங்கள். வழக்கமான அளவில் பாதியாவது ஒரு நாளில் போயிருந்தால் மூச்சு விடலாம்.

தண்ணீரும் அதே முக்கியம். உணவில் உள்ள ஈரத்தையும் சேர்த்து 4 கிலோ பூனைக்கு நாளுக்கு ஏறக்குறைய 200 மில்லி வேண்டும். தோலைக் கிள்ளி விட்டு எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று பார்க்கும் சோதனை கிழப் பூனைகளிடம் பொய் சொல்லும், அவற்றின் தோல் ஏற்கெனவே தொளதொளத்திருக்கும். ஈறைத் தொட்டுப் பாருங்கள். வழுவழுப்பாக இருந்தால் நல்லது. விரலில் ஒட்டினால் நீர்ச்சத்து குறைந்திருக்கிறது.

செய்யக் கூடாதவை

பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். டோலோ, குரோசின், குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்து எல்லாம் இதில் அடங்கும். இந்த மருந்தை உடைத்து வெளியேற்றத் தேவையான நொதி பூனையின் கல்லீரலில் போதிய அளவு இல்லை. இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து, ஈறு பழுப்பாகி, முகமும் பாதமும் வீங்கிப் பூனை செத்துப்போகும். ஒரு மாத்திரை போதும், அரை மாத்திரையே போதும். தெரியாமல் கொடுத்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள், மாற்று மருந்து இருக்கிறது. இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் ஆகாது.

மீன் குழம்பில் கிடந்த துண்டைக் கழுவிக் கொடுப்பது நம் வீடுகளில் சகஜம். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். ஊறிய சாறு கழுவினால் போகாது. கருவாட்டில் உப்பு அதிகம், சிறுநீரகம் தளர்ந்த பூனைக்கு அது தண்டனை. பால், வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்கு வயிற்றுப்போக்கைத்தான் தரும்.

சிரிஞ்சால் வாயில் திணிப்பது பாசத்தில் செய்யும் பெரிய தவறு. திமிறும் பூனையின் வாயில் ஊற்றியது நுரையீரலுக்குப் போனால் நிமோனியா. மருத்துவர் சொல்லி, காட்டிக் கொடுத்த பிறகு மட்டும் செய்யுங்கள்.

ஆறாவது: கடிகாரம் சொல்வதைக் கேளுங்கள்

கடைசிச் சாப்பாட்டிலிருந்து 12 மணி நேரம்: மேலே சொன்னவற்றைச் செய்துகொண்டு கவனியுங்கள். 24 மணி நேரம்: மருத்துவருக்குத் தொலைபேசி. சிறுநீரக நோய், சர்க்கரை நோய், தைராய்டு உள்ள பூனை, மிகக் குண்டான பூனை, எலும்பு தெரியும் பூனை ஆகியவற்றுக்குத் தொலைபேசி போதாது, அன்றே நேரில் காட்டுங்கள். சர்க்கரை நோய்ப் பூனை ஒரு வேளை தவறினாலே, இன்சுலின் போடும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். வெறும் வயிற்றில் வழக்கமான அளவைப் போட்டால் சர்க்கரை அபாயகரமாக இறங்கும்.

48 மணி நேரம்: எந்தப் பூனையானாலும், எவ்வளவு தெம்பாகத் தெரிந்தாலும் மருத்துவமனை. அரைகுறையாகச் சாப்பிட்டுக்கொண்டே மூன்று நாள் ஓடினாலும் இதே விதிதான். மஞ்சள் நிறம் தெரிந்தால் மணி பார்க்க வேண்டாம். வெளிர் நிறப் பூனைக்குக் காதின் உட்புறத்தில் தெரியும். கறுப்புப் பூனைக்கு அங்கே ஒன்றும் தெரியாது; மேலண்ணத்தையும் கண்ணின் வெள்ளையையும் பாருங்கள்.

ஏழாவது: மருத்துவமனையில்

நோட்டையும் படத்தையும் கொடுத்துவிட்டு, "ஊசிக்கு அப்புறம் சாப்பிடவில்லை" என்று தொடங்காமல், "இத்தனை மணி நேரமாகச் சாப்பிடவில்லை, நடுவில் ஊசி போட்டோம்" என்று சொல்லிப் பாருங்கள். கேட்பவரின் கவனம் வேறு பக்கம் போகும். இரண்டு நாளுக்கு மேல் ஆன பிறகும் "ஊசி ரியாக்‌ஷன், தானே சரியாகும்" என்ற பதில் வந்தால் மரியாதையாக மூன்று கேள்விகள் கேளுங்கள்: வாயைப் பார்த்தீர்களா டாக்டர்? எடை போன தடவையை விட எவ்வளவு குறைந்திருக்கிறது? இரத்தம் எடுத்துப் பார்க்கலாமா? இரத்தத்தில் பார்க்க வேண்டியவை: சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினினும் யூரியாவும், கல்லீரல் நொதிகள், மஞ்சள் காமாலைக்குப் பிலிரூபின், பொட்டாசியம், சர்க்கரை. வயதுக்குத் தைராய்டும் சேர்த்து. சிறுநீரும் பார்த்தால்தான் சிறுநீரகக் கதை முழுமையாகும். பரிசோதனை வசதி அருகில் இல்லாதவர்களுக்கு அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகள் இருக்கின்றன. சென்னை வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் கல்லூரி தவிர நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் உண்டு.

சிகிச்சை பெரும்பாலும் குமட்டலை அடக்குவதில் தொடங்கும். மேரோபிடன்ட் ஊசி அதற்குத்தான். தோலுக்கடியில் சலைன் ஏற்றுவார்கள். முதுகில் ஒட்டகத் திமில்போல் வீங்கி, சில மணி நேரத்தில் வடியும், பயப்பட வேண்டாம். பசியைத் தூண்ட மிர்ட்டாசபின். அமெரிக்காவில் காதில் தடவும் களிம்பாக 2018இல் பூனைகளுக்கென்றே இது அனுமதி பெற்றது. நம் ஊர் மருந்துக்கடைகளில் மனிதர்களுக்கான மாத்திரை கிடைக்கிறது என்பதற்காக நீங்களே நறுக்கிக் கொடுக்காதீர்கள். அளவு மிஞ்சினால் இரவெல்லாம் கத்திக்கொண்டு வீட்டைச் சுற்றி வரும். பல்லில் குழி இருக்கும் பூனைக்குப் பசியை மட்டும் தூண்டிவிடுவது கொடுமை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வலியை முதலில் தீர்க்க வேண்டும்.

உணவு செலுத்தும் குழாய் வைக்க வேண்டும் என்று கேட்டதும் நான் அழுதுவிட்டேன். கழுத்தின் பக்கவாட்டில் சிறு துளை போட்டு, அதைப் பூனையின் உணவுக்குழாய்க்குள் வைத்தார்கள். துணிப் பட்டை சுற்றி அனுப்பினார்கள். முதல் நாள் தேவையில் மூன்றில் ஒரு பங்குதான் கொடுக்கச் சொன்னார்கள். பட்டினி கிடந்த உடம்பில் ஒரேயடியாக ஏற்றினால் இரத்த உப்புகள் தாறுமாறாகும். பிறகு நாளுக்கு ஆறு வேளை, வேளைக்கு 30 மில்லி, முன்னும் பின்னும் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர். மூன்றாம் நாளே சிரிஞ்சைப் பார்த்ததும் மடியில் வந்து படுத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டாள். பல்லைப் பிடுங்கிய பிறகு, பதினோராம் நாள், என் தட்டில் இருந்த இட்லித் துணுக்கைத் திருடினாள். கொழுப்புக் கல்லீரல் வந்த பூனைகளில், நேரத்தில் குழாய் வைத்து உணவு கொடுத்தவை பெரும்பாலும் பிழைக்கின்றன. தள்ளிப்போட்டவற்றைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

எட்டாவது: ஊசி போட்ட இடம்

பசி திரும்பிவிட்டது என்று நோட்டை மூடிவிடாதீர்கள். ஊசி போட்ட இடத்தில் பட்டாணி அளவு கட்டி வருவது சாதாரணம், சில வாரங்களில் கரையும். மிக அரிதாக அந்த இடத்தில் புற்றுக்கட்டி வளர்வதுண்டு. அமெரிக்காவில் 1991இல் முதலில் கவனித்து எழுதினார்கள். 3, 2, 1 என்று நினைவில் வையுங்கள்: மூன்று மாதத்துக்கு மேலும் கட்டி இருந்தாலோ, இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, ஊசி போட்டு ஒரு மாதம் ஆன பின்னும் வளர்ந்துகொண்டிருந்தாலோ, சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும். தோள்களுக்கு நடுவே போடாமல் காலின் கீழ்ப்பகுதியில் போடச் சொல்வதும் இதற்காகவே. அங்கே வந்தால் அறுவைக்கு வழி இருக்கும்.

அடுத்த தடவை

இவ்வளவு பட்ட பிறகு "இனி ஊசியே வேண்டாம்" என்று தோன்றும். ரேபிஸ் ஊசியில் அந்தப் பேச்சுக்கு நம் நாட்டில் இடமில்லை. வீட்டை விட்டு வெளியே போகாத பூனையானாலும் சன்னல் வழியாக இன்னொரு பூனை வரும், கதவு ஒருநாள் திறந்திருக்கும். மூன்று நோய் ஊசியைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம். சிறுவயதில் முறையாக ஊசி போட்டு, வெளியே திரியாமல் வளர்ந்த பூனைக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் அது வேண்டியதில்லை என்பது உலகச் சிறு விலங்கு கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல்.

இரண்டு ஊசியையும் ஒரே நாளில் போடாமல் மூன்று வார இடைவெளி விடச் சொல்லிக் கேளுங்கள். எதனால் சோர்ந்தது என்பதும் தெரியும். போன முறை நடந்ததை ஊசி போடும் முன் சொல்லுங்கள். எடையும் வாயும் இரத்தமும் பார்த்துவிட்டு, நலமாக இருந்தால் மட்டும் ஊசி. கூடையை ஒரு வாரம் முன்பே கூடத்தில் திறந்து போட்டு வையுங்கள். சனிக்கிழமை மாலையைத் தவிருங்கள். மறுநாள் ஞாயிறு என்பது நமக்கு வசதி, ஆனால் அன்றுதான் பல மருத்துவமனைகள் பூட்டிக் கிடக்கும்.

கருப்பாயியின் நோட்டில் இந்த ஆண்டுப் பக்கம் இப்படி இருக்கிறது: "செவ்வாய், காலை 10. ரேபிஸ் மட்டும், வலது பின்னங்கால். எடை 3.6. கடைசிச் சாப்பாடு காலை 7. மதியம் 1, முகர்ந்துவிட்டுப் போனாள். மாலை 4, பெட்டிக்குள் தூக்கம், மூச்சு 24. மாலை 6.40, சங்கரா, மூன்று கரண்டி. இரவு 9, மீதி."